கொம்பையா துலுக்கிய ஞாயிறு

உட்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், பின்னங்கால் சரியில்லை. இதில் உட்கார். ஃபேன் இதற்கு மேல் வேகமாகச் சுற்றாது. வாங்கின நாளிலிருந்து அப்படித்தான்.

நீ எதற்கு வந்திருக்கிறாய் என்று போனிலேயே சொல்லிவிட்டாய். உங்கள் கம்பெனி செல்போனில் பார்க்கிற கார்ட்டூன் எடுக்கிறது. என் கொம்பையாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கு என் சம்மதம் வேண்டும். அவ்வளவுதானே? கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம் கேட்டுக்கொள். குறுக்கே பேசாதே. பேசினால் எனக்கு விட்ட இடம் மறந்துவிடும்.

சின்ன வயதில் நீயும் பார்த்திருப்பாய். அந்தத் திருவிழாக் கதைதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது என்று சொல்லப்போகிறாய். சொல்லாதே. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அது நான் எடுத்த கதையே இல்லை. என் கையிலிருந்து களவு போன கதை.

நீ சென்னைப் பிள்ளையா? அப்படியானால் இது தெரியாது. எங்கள் பக்கம், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, சாமிக்கு நேர்ந்த கிடாயைச் சும்மா வெட்டிவிட முடியாது. மாலை போட்டு நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளிப்பார்கள். கிடா உடம்பை உலுக்கிச் சிலிர்க்க வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, அரிவாள் இறங்கும். துலுக்காவிட்டால் நிற்க வேண்டியதுதான். ஊரே நிற்கும். மசாலா அரைத்து வைத்த பெண்கள் முணுமுணுப்பார்கள். மருமகன்மார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கிடா அதுபாட்டுக்கு அசைபோடும்.

டிவியில் ஞாயிறுதோறும் வந்த என் கொம்பையா அப்படி ஒரு கிடா. வாராவாரம் தண்ணீர் தெளிப்பார்கள், வாராவாரம் துலுக்காது. ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். காதுக்குள் ஊதிப் பார்ப்பார்கள். நாட்டாமையே வேட்டியை மடித்துக் கட்டி, இப்படித்தாண்டா துலுக்கணும் என்று முன்னால் நின்று குலுங்கிக் காட்டுவார். கொம்பையா பார்த்துக்கொண்டே நின்று கடைசியில் சொல்லும்: "இன்னிக்கு வேணாம் சாமி, நாளைக்குப் பாப்போம்." அதோடு அந்த வாரம் முடிந்தது.

தமிழ்நாட்டில் எந்த வாத்தியார் கேள்வி கேட்டாலும் பையன்கள் அதைத்தான் பதிலாகச் சொன்னார்கள். வாத்தியார்கள் சேனலுக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். அது என் வசனம். நான் எழுதியது "நான் துலுக்க மாட்டேன்" என்று. லூர்து மைக் முன்னால் நின்று மாற்றிச் சொல்லிவிட்டாள். பொருள் ஒன்றுதானே? நாலு சொல் மாறினால் எழுதினவன் மாறிவிடுவானா?

லூர்து என்றால் லூர்துமேரி. கொம்பையாவுக்குக் குரல் கொடுத்தவள். சாலிகிராமத்தில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல குரல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குரல் குரல்தான். கிடாயை வரைந்தது யார்?

நான் சும்மா வந்தவன் இல்லையம்மா. தியேட்டர் இடைவேளையில் போடுவார்களே விளம்பர ஸ்லைடு, அதில் ஆரம்பித்தவன். பிறகு அரசாங்கத்துக்குக் கொசு வரைந்தேன், வயிற்றுப்போக்கு வரைந்தேன். பிறகு ஒரு கம்பெனியில் எவனோ வெள்ளைக்காரன் படைத்த பூனைக்கு இடைப்படம் போட்டேன். பூனை காலைத் தூக்கும் படம் அங்கிருந்து வரும், காலை வைக்கும் படமும் அங்கிருந்து வரும். நடுவில் கால் அந்தரத்தில் இருக்கும் படங்கள் மட்டும் என் வேலை. வாலிபம் பூராவும் அந்தரத்திலேயே போயிற்று. அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு ஜீவன் வந்தது என்றால் அது கொம்பையா. டைட்டிலில் பெரிய எழுத்தில் வரும்: படைப்பு, தவசி. கீழே சின்னதாக அவள் பெயர். அளவு நான்தான் சொன்னேன்.

கார்ட்டூனில் குரலை முதலில் எடுத்துவிட வேண்டும். சினிமா மாதிரி படத்தை முடித்துவிட்டு டப்பிங் இல்லை. குரல் எத்தனை நேரம் ஓடுகிறதோ அதற்குத் தக்கபடி வாயை வரைய வேண்டும். அவள் பேசும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். கண்ணாடியில் என் வாயைப் பார்த்தும் வரைந்து பார்த்தேன். சரியாக வரவில்லை. ஆகவே அவள் வாய். அது வேலைமுறை. அதில் ஒன்றும் இல்லை.

ஒரு பள்ளிக்கூட விழா. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் மைக்கைப் பிடித்து "சாமி" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். அவளைச் சுற்றி அத்தனை கூட்டம். என் பக்கம் ஒரு பொடிசு வந்தது. கையெழுத்துக்குத்தான் என்று பேனாவை எடுத்தேன். "அங்கிள், நீங்கதான் அவங்க டிரைவரா?" என்றது.

சிரிக்காதே. அதற்காக நான் அந்த முடிவை எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் எடுத்தேன், அது வேறு. கதை என்றால் முடிய வேண்டுமம்மா. நேர்ந்த கிடாயின் கதை அரிவாளில்தான் முடியும். எத்தனை நாள் டிமிக்கி கொடுப்பான்? கலை என்று ஒன்று இருக்கிறதே. திருவிழாக் கதையில் கொம்பையா துலுக்குவான் என்று முடிவு பண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. சேனல்காரன் மதிவாணனிடம் "பெரிய முடிவு ஒண்ணு வச்சிருக்கேன்" என்றேன். அவன் "சூப்பர் சார்" என்றான். அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான்.

துலுக்குவதற்குக் குரல் வேண்டாம் பார். அதுதான் அதில் விசேஷம். மற்ற எல்லாவற்றுக்கும் அவள் வேண்டும். சாவதற்கு நான் ஒருத்தன் போதும்.

குரல்பதிவு அன்று அவள் தாளைப் புரட்டினாள். முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள்.

"அண்ணே, கடைசில கொம்பையாவுக்கு டயலாக்கே இல்லையே?"

"இல்ல."

"என்ன பண்றான் அங்க?"

"நிக்கிறான்."

"மூணு பக்கமாவா?"

"யோசிக்கிறான்."

"யாரு, நம்ம கொம்பையாவா!" என்று சிரித்தாள். "அவன் என்னைக்குண்ணே யோசிச்சான்? வாயத் தொறந்தா மூட மாட்டான்."

சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்து நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல். கையில் தூக்குவாளி, மீன்குழம்பு. "அண்ணிக்குக் குடுங்கண்ணே" என்றாள். நான் அதை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மேசையில் இருந்த கடைசிக் காட்சியின் படத்தாள் கட்டைக் கையில் எடுத்துவிட்டாள். கட்டைவிரலால் விசிறினாள். எங்களுக்கு அது பழக்கம், கட்டை விசிறினால் படம் ஓடும்.

அவள் கையிலேயே கொம்பையா துலுக்கினான்.

முதலில் காது. பிறகு கழுத்து. பிறகு முதுகு பூராவும் ஓடி வால் நுனி வரைக்கும். தண்ணீர்த் துளிகள் நாலு பக்கமும் தெறிக்கும். நன்றாக வந்திருந்தது. என் வாழ்நாளில் அத்தனை சுத்தமாக ஓர் அசைவு வரைந்ததில்லை.

அவள் கட்டை அப்படியே கீழே வைத்தாள்.

"அண்ணே, இது வேணாம்ணே."

"கதை அப்படி."

"கதைய யாரு எழுதுனா?"

"நான்தான்."

"அப்போ மாத்துங்க."

"மாத்த முடியாது. ஆடு யாருது லூர்து?"

"உங்களுதுதான். நான் இல்லேன்னா சொன்னேன்? உங்களுதுன்னா வெட்டிருவீங்களோ?"

"ஆமா. என் கிடா. நான் நேர்ந்தது."

"நேந்துவிட்டது சாமிக்கு. நீங்க சாமியா?"

இப்படிப் பேசுவாள். நான் அண்ணன் என்கிற மரியாதை எல்லாம் குழம்பு கொண்டுவருவதில் மட்டும்தான். உனக்கென்ன நஷ்டம், உனக்கு வேறு படமே இல்லையா என்று கேட்டேன். அவள் என்னவோ சொன்னாள். இத்தனை வருஷமாகக் கூட்டத்தில் கத்துகிறாளாம். கைக்குழந்தை அழுதால் அவள், கதாநாயகிக்குப் பின்னால் தோழிகள் சிரித்தால் அவள். பெயரோடு பேசுவது இவன் ஒருவனுக்குத்தானாம். இவன் போய்விட்டால் அவள் மறுபடி கூட்டத்துக்குள் போய்விடுவாளாம். எனக்கு வேலை இருந்தது, பாதிதான் காதில் விழுந்தது.

போகும்போது வாசலில் நின்று, "ஞாயித்துக்கெழம காலைல, இட்லி தின்னுக்கிட்டு உக்காந்திருக்கிற புள்ளைக முன்னாடி வெட்டப்போறீங்க" என்றாள்.

"வெட்டுறதைக் காட்ட மாட்டேன். கறுப்புத் திரைதான்" என்றேன். நான் என்ன கசாப்புக்கடைக்காரனா?

அதைத்தான் திட்டமாக வைத்திருந்தேன். கேள். கொம்பையா துலுக்குவான். மேளம் நிற்கும். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் திகைத்து நிற்கும். நாட்டாமை வாய் பிளப்பார். பூசாரி கண் விரியும். அரிவாள் மேலே போகும். அவ்வளவுதான், திரை கறுப்பு. ஒரு சத்தமும் இல்லாமல் கறுப்பாகவே நிற்கும். நன்றாக நீளமாக விட்டிருந்தேன். உறைக்க வேண்டாமா? பிறகு முற்றும்.

சத்தம் சேர்க்கிற நாள் வந்தது. வசனம், மேளம், படம் எல்லாவற்றையும் ஒரே டேப்பில் இறக்குவார்கள். மதிவாணன் டேப்பை வாங்கிப் போக வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை ஒளிபரப்பு. சவுண்டு பார்க்கிற வேதாசலம் மிஷின் முன்னால். கீழே காவலாளியிடம் லூர்து வந்தால் விடாதே என்று சொல்லியிருந்தேன். அவன் பிள்ளைக்குக் கொம்பையா குரலில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள் போல. விட்டுவிட்டான்.

நிமிர்ந்து பார்க்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நிற்கிறாள்.

கத்தப்போகிறாள், மதிவாணனிடம் போட்டுக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவன் இன்னும் முடிவைப் பார்க்கவில்லை. அவள் கத்தவில்லை. மைக்கில் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, உங்க இஷ்டம்ணே. நான் ஒண்ணும் சொல்லல. ஒரு மூச்சு மட்டும் குடுத்துட்டுப் போயிர்றேன்."

"மூச்சு எதுக்கு?"

"தண்ணி பட்டா ஒரு மூச்ச இழுக்க மாட்டானா? உசிர் இருக்கிறவன்தானே அவன். ஊமையா நின்னா பொம்ம மாதிரி இருக்கும்ணே."

யோசித்தேன். அவள் சொன்னது சரிதான். துலுக்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தால் அசைவுக்கு உயிர் வரும். தொழில் தெரிந்தவன் நல்லது யார் சொன்னாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். "நீளமா இழு. சத்தம் வேண்டாம், காத்து மட்டும்" என்றேன். தலையாட்டினாள். மதிவாணன் "சார், டைம்" என்றான். "ஒரே டேக்குதான்" என்றேன். வேதாசலம் சிவப்பு விளக்கைப் போட்டான்.

படம் ஓடியது. மாலை. மேளம். தண்ணீர். கொம்பையா கண்ணை மூடினான். அவள் மூச்சை இழுத்தாள். இழுத்தாள் பார், ஆஹா! இழுத்துக்கொண்டே போனாள். காது அசைந்தது. கழுத்து அசைந்தது. துலுக்கல் முதுகில் இறங்குகிற அந்த நொடியில்...

"ஹச்!"

தும்மிவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் மேளம் நின்றது. நாட்டாமை வாய் பிளந்தார். பூசாரி கண் விரிந்தது. அரிவாள் மேலே போய் நின்றது. எல்லாம் நான் வரைந்தபடியே வருகிறது. ஆனால் அத்தனை பேரும் ஒரு தும்மலைக் கேட்டுத் திகைத்து நிற்கிறார்கள்! கோடு மாறவில்லை, முகம் மாறவில்லை, எல்லாம் வேறாகிவிட்டது.

திரை கறுப்பானது. அந்தக் கறுப்பில் அவள் குரல். கொம்பையா குரல் இல்லை, கூட்டத்தில் ஒரு கிழவி.

"ஆத்தீ! ஒத்தத் தும்மல்டா! நல்ல காரியத்துல இப்படித் தும்மிப்புட்டானே! எறக்குங்கடா அருவாள!"

உடனே ஒரு குழந்தை: "அப்பத்தா, அது துலுக்குனதா, தும்முனதா?"

மறுபடி கிழவி: "தும்முனா ஒடம்பு குலுங்காதாடா கூறுகெட்டவனே! இது கணக்குல சேராது. சகுனத் தட. அடுத்த வருசம் பாத்துக்கலாம், வாங்க!"

பிறகு கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, கொம்பையா. மூக்கடைத்த குரலில்.

"மன்னிச்சுக்கங்க சாமி. தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு."

முற்றும்.

புரிகிறதா? கறுப்புத் திரைக்கு வாயசைவு வேண்டாம். வாய் நான் வரைந்தால்தான் அவள் பேச முடியும் என்று இருந்தேன். வாயே இல்லாத இடத்தை நானே நீளமாக விட்டு வைத்திருந்தேன். பூந்துவிட்டாள்.

வேதாசலம் மிஷின் மேல் கவிழ்ந்து குலுங்குகிறான். மதிவாணன் சோபாவிலிருந்து எழுந்து கண்ணைத் துடைக்கிறான். "சார்! பெரிய முடிவுன்னு சொன்னீங்களே! சூப்பர் சார்!" என்கிறான். "அது முடிவு இல்லய்யா, அழி" என்றேன். "எதை அழிக்கிறது?" என்றான். "தும்மலை!" "சார், தும்மல் இல்லேன்னா ஆடு செத்துரும் சார்." "சாகட்டும்னுதானேய்யா வரைஞ்சேன்!"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. சிரிப்பு நின்றது. மிஷினிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பின்னாலேயே ஓடினேன். படிக்கட்டில் பிடித்துவிட்டேன். டேப்பின் ஒரு முனை அவன் கையில், ஒரு முனை என் கையில்.

"கைய எடுங்க தவசி சார்."

"இது என் படம்."

"பிள்ளைங்க படம் சார். கைய எடுங்க."

மேல்படியில் லூர்து வந்து நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பலமாகத்தான் பிடித்திருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த உடம்புக்கு மதிவாணனை டேப்போடு சேர்த்துத் தூக்கியிருப்பேன். என்னவோ, வியர்வை. பிடி நழுவிவிட்டது.

போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கவில்லை. உள்ளறையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் பிளாக் பிள்ளைகள் எல்லாம் கூடத்தில், என் வீட்டுக்காரி அவர்களோடு. மேளம் நின்றதும் ஒரு சத்தமும் இல்லை. இட்லி மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. கையில் பிளேடோடு நின்றேன். பிறகு ஒரு கூச்சல் எழுந்தது பார், மாடிவீட்டுக்காரர் கீழே ஓடிவந்தார். என் வீட்டுக்காரி அறைக்குள் வந்து "பொழச்சுட்டான்!" என்றாள், எனக்குத் தெரியாதது மாதிரி. அன்றைக்குக் கேசரி கிண்டினாள். யார் கேட்டது? "மூஞ்செல்லாம் ஏன் இப்படி வெட்டி வச்சிருக்கீங்க?" என்று வேறு கேட்டாள். பிளேடு பழசு.

அந்தக் கதைக்குத்தான் பரிசு கொடுத்தார்கள். அதோ, டிவிக்கு மேலே. வாங்கினேன். கொடுத்தால் வாங்காமல் என்ன செய்வது? துடைப்பது என் வீட்டுக்காரி இல்லை, நான்தான். தூசி எனக்கு ஆகாது.

அதற்குப் பிறகும் கொம்பையா தொடர் பல வருஷம் ஓடியது. லூர்துவோடு நான் பேசவில்லை. வேலை நடந்தது, பேச்சு இல்லை. அவள் கெட்டிக்காரி, கிடாக் குரலில்தான் என்னோடு பேசுவாள். "அண்ணே, காப்பி குடிச்சீங்களா?" என்று கொம்பையா கேட்பான். கொம்பையாவுக்குப் பதில் சொல்லலாம் அல்லவா? சொல்லுவேன். "அண்ணிக்குக் காச்சல் விட்டுருச்சா?" என்பான். விட்டுவிட்டது என்பேன். இன்றைக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் போன் வரும். கொம்பையாதான் பேசுவான். அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது.

சரி. உன் விஷயத்துக்கு வருகிறேன். சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தத் தும்மலை எடுத்துவிட வேண்டும். நான் வரைந்தது வரைந்தபடி, ஊமையாகத் துலுக்க வேண்டும். கொம்பையா சாக வேண்டும். இத்தனை வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதை எடுத்தால்தான் உன் கம்பெனிக்குச் சம்மதம்.

என்ன?

நீங்களே அதைத்தான் யோசித்திருக்கிறீர்களா?

முதல் கதையிலேயே வெட்டிவிடுவீர்களா... ரத்தத்தோடா? பிறகு? மகன் வருவானா? யாருடைய மகன்? கொம்பையாவுக்கு எங்கேயம்மா கல்யாணம் ஆயிற்று? மகன் பறப்பானா? கண்ணிலிருந்து நெருப்பு வருமா? அப்பனை வெட்டின ஊரை எரிப்பானா? நாட்டாமையையுமா? அவர் பாவம், வேட்டியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் காட்டினவர்!

குரலுக்கு என்ன செய்வீர்கள்? லூர்துவிடம் கேட்டீர்களா? கேட்கவில்லையா? பழைய டேப்பிலிருந்து கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்ளுமா? அவளைக் கேட்காமல் கொம்பையாவுக்கு யாரம்மா மூச்சு இழுப்பது? அவளுக்காகச் சொல்லவில்லை. எனக்கென்ன வந்தது அவளுக்காகச் சொல்ல? வாயை வரைய வேண்டாமா, அதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சம்மத ஃபைலை மூடு. பேனாவை உள்ளே வை. எழுந்திரு.

நான்தான் வெட்டச் சொன்னேனா? சொன்னேன். நான் சொல்லலாம். நீ யார்? கேள், உங்கள் ஆட்களிடம் போய்ச் சொல். நேர்ந்த கிடாயைத் துலுக்காமல் வெட்டக் கூடாது. அது முறை. எங்கள் பக்கம் எந்தப் பூசாரியும் கை வைக்க மாட்டான்.

துலுக்கினானே என்கிறாயா? யார் சொன்னது? வரைந்தவன் நான் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

அது தும்மல். கணக்கில் சேராது.